ஒரே காற்று, இரண்டு கரை: வன்னி முஸ்லிம்களின் காற்றறிவு குறித்துச் சில குறிப்புகள்

எங்கள் வீட்டில் ஒரே காற்றுக்கு இரண்டு பெயர் இருந்தது. வாப்பா நாச்சிக்குடாவைச் சேர்ந்தவர். உம்மா தண்ணீரூற்று. வன்னிப் பெருநிலத்தின் மேற்குக் கரையில் ஒருவர், கிழக்குக் கரையை ஒட்டி மற்றவர். ஜூலை மாதத்தில் தென்மேற்கிலிருந்து எழும்பும் காற்றை வாப்பா சோளகம் என்பார். முல்லைத்தீவில் தொழில் செய்த உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதையே கச்சான் என்பார்.

வித்தியாசம் பெயரோடு நிற்கவில்லை. சோளகம் எழும்பினால் வாப்பாவின் வள்ளம் கரையேறிவிடும். அதே கிழமைகளில் மாமாவுக்கு நல்ல உழைப்பு. இரண்டு பேரும் ஒரு திண்ணையில் இருந்தால் பேச்சு இதில்தான் வந்து நிற்கும். "உங்கட காத்துக்கு இரக்கமில்ல மச்சான்" என்பார் மாமா. "காத்தைத் திட்டாத. காத்து ஒண்டுதான், கரைதான் ரெண்டு" என்பார் வாப்பா. காற்றைத் திட்டக் கூடாது என்ற நபிமொழியை எங்களுக்கு அவர் சொல்லித் தந்தது இப்படித்தான்.

இந்தப் பழைய பேச்சு எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது கற்பிட்டியில். எனது மருமகன் அங்கே கைட்சேர்ஃபிங் பழக்கும் இடமொன்றில் வேலை செய்கிறான். காலில் பலகை, கையில் பெரிய பட்டத்தின் கயிறு, காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர்மேல் பறக்கும் விளையாட்டு. விடிந்ததும் அவன் முதலில் பார்ப்பது ஃபோனில் வரும் காற்று எதிர்வுகூறலை. ஒருநாள் அதை என்னிடம் நீட்டிக்காட்டி, "மாமா, பதினாலு நொட் எண்டு காட்டுது. இதை நம்பி இருக்கேலாது. ரெண்டு மணிக்குப் பிறகு இருபதைத் தாண்டும்" என்றான். தாண்டியது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்க இருக்கிற ஆக்களுக்குத் தெரியும்" என்றான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தைப் பற்றியது. காற்றை முன்கூட்டிச் சொல்வது ஓர் இடத்தில் நெடுநாள் இருந்தவர்களின் அறிவு. எங்கள் சமூகத்துக்கு அந்த அறிவு ஒரு காலத்தில் பெரிய சொத்தாக இருந்தது. இடத்தை இழந்தபோது அதுவும் கைவிட்டுப் போனது. வீடு, காணி, கடை, பள்ளிவாசல் என்று இழப்புகளைக் கணக்கெடுக்கும்போது இதையும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மவ்ஸிம்

'மொன்சூன்' என்ற சொல் அரபு மொழியின் மவ்ஸிம் என்பதிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது என்பது பலரும் அறிந்ததே. மவ்ஸிம் என்றால் காற்று என்று பொருளல்ல, குறித்த காலம் என்று பொருள். கடலோடிகள் கேட்ட கேள்வி 'எந்தக் காற்று' என்பதோடு நிற்கவில்லை. 'எந்த நாளில் புறப்படலாம், எந்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்' என்றும் கேட்டார்கள்.

ஜுல்ஃபாரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய 'கிதாப் அல்-ஃபவாயித்' இந்தத் துறையின் பெரிய நூல். ஜி.ஆர். திபெற்ஸ் 1971இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தென்மேற்குக் காற்றைக் கவ்ஸ் என்றும் வடகிழக்குக் காற்றை அஸ்யப் என்றும் அந்தக் கடலோடிகள் அழைத்தார்கள். கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வணக்கத்துக்கு ஹிஜ்ரி மாதங்களைக் கொண்டிருந்த இவர்கள், கடலுக்கு அதைப் பயன்படுத்தவில்லை. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டது. பருவங்களுக்கூடாக நகர்ந்துகொண்டே போகும். காற்றோ சூரியனைக் கொண்டது. ஆகவே நைரூஸ் என்ற சூரிய ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இத்தனையாம் நாள் என்று எண்ணியே புறப்படும் நாளைக் குறித்தார்கள். எங்கள் கரைகளிலும் இதே ஏற்பாடுதான். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்த்தோம். காற்றுக்கு ஆடி, ஐப்பசி, மார்கழி என்று தமிழ் மாதம் சொன்னோம். 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று வாப்பா சொல்லும்போது அது பழமொழி மாத்திரமல்ல, வள்ளத்தை எப்போது மேலே ஏற்றுவது என்ற கணக்கும் கூட.

கவ்ஸ் காற்று உச்சத்தில் இருக்கும் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்குக் கடல் 'பூட்டப்பட்டது' என்று அரபுக் கடலோடிகள் சொன்னார்கள். மேற்கு இந்தியத் துறைகளுக்கு அந்த நாட்களில் கப்பல் வராது. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று கடலைப் பூட்டிய அதே காற்றைத் தேடித்தான் இன்று வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள்.

தமிழிலும் இந்தத் தொடர்பின் தடயம் இருக்கிறது. மாலுமி என்ற சொல் அரபு முஅல்லிமிலிருந்து வந்தது. கற்பிக்கிறவர், வழி சொல்கிறவர் என்று பொருள். வள்ளத்தைத் திருப்பும் சுக்கானும் அரபுச் சொல்தான். ஆனால் காற்றின் பெயர்களை நாம் அரபியிலிருந்து எடுக்கவில்லை. பழந்தமிழில் கிழக்குக் காற்று கொண்டல், தெற்கு தென்றல், மேற்கு கோடை, வடக்கு வாடை. வாடையின் பெயரைத் தாங்கிய 'நெடுநல்வாடை' சங்கப் பாட்டாகவே இருக்கிறது. நெடுந்தீவைக் களமாக வைத்துச் செங்கை ஆழியான் எழுதிய நாவலுக்கும் 'வாடைக்காற்று' என்றுதான் பெயர். எங்கள் கரையில் தென்றலும் கோடையும் பேச்சில் குறைந்து, சோளகமும் கச்சானும் அந்த இடத்துக்கு வந்தன. வழிகாட்டுபவரின் பெயரையும் சுக்கானின் பெயரையும் கடல் கடந்து வாங்கிக்கொண்டோம். காற்றின் பெயர் மட்டும் கரையில் பிறந்ததாகவே இருந்தது. காற்று இடத்துக்கு உரியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வழிகாட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஃபர், அதாவது சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாள் பயணம். கப்பலில் அந்தக் கடல் தெரிந்த தலைவர் இருக்கவில்லை. ஒன்பது நாள் அலைந்து கடைசியில் இலங்கையில் வந்து சேர்ந்தார். அவர் பத்தாலா என்று எழுதிய ஊரைப் புத்தளம் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துக்களைக் காட்டியதையும், அங்கிருந்து அவர் பாவாதமலைக்குப் போனதையும் நாம் பெருமையோடு எழுதுகிறோம். காற்றும் கடலும் தெரியாமல் வந்து சேர்ந்த பயணம் அது என்பதையும் சேர்த்து எழுதலாம்.

முத்துக்குளிப்பின் கடிகாரம்

பருவக்காற்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்புகிறது. அதற்குள்ளே நாளுக்கு இருமுறை திரும்பும் சிறிய காற்று ஒன்றும் உண்டு. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. இது கடற்காற்று. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்வதால் காற்று மறுபக்கம் திரும்பிக் கடலை நோக்கிப் போகிறது. இது தரைக்காற்று.

மன்னார் அரிப்பு, கொண்டச்சிக் கரையில் நடந்த முத்துக்குளிப்பு முழுதும் இந்தக் கணக்கின் மேலேயே நின்றது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்களுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது. முதலாவது கணக்கு மாதத்துக்கு. வாடை ஓய்ந்து சோளகம் எழும்புவதற்கு முந்திய மாசி, பங்குனி, சித்திரைதான் காலம். கடல் தெளிந்து அடங்கி இருப்பது அப்போதுதான். இரண்டாவது கணக்கு மணிக்கு. 1803இல் றொபட் பேர்சிவலும் 1807இல் ஜேம்ஸ் கோர்டினரும் அச்சிட்ட நூல்களில் இதன் விவரம் உண்டு. இரவில் பீரங்கி வெடிக்கும். படகுகள் தரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படும். விடியும்போது முத்துப்பார் வந்துவிடும். நண்பகல்வரை குளிப்பு. பிறகு கடற்காற்று எழும்பும். அதே பாயில் கரைக்குத் திரும்பிவிடலாம்.

ஒரு நாளின் காற்றை இத்தனை நம்பிக்கையோடு கணித்து, ஆயிரக்கணக்கான மனிதர்களின் வேலைநேரத்தை அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். கருவி எதுவும் இல்லை. பீரங்கி வெடிக்கும் நேரம்தான் எதிர்வுகூறல்.

மருமகன் "ரெண்டு மணிக்குப் பிறகு" என்று சொன்னானே, அது இந்தக் கடற்காற்றுத்தான். தென்மேற்குக் காற்றின் மேல் பகல் வெயிலில் பிறக்கும் கடற்காற்றும் ஏறிக்கொள்கிறது. இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் கூட்டல், எதிரெதிராக வந்தால் கழித்தல். அரிப்புக் கரையின் பாய்ப்படகுக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. கற்பிட்டிப் பையனுக்கும் தெரிகிறது. நடுவில் இருநூறு வருடங்கள்.

ஒரே காற்றுக்கு ஏன் இரண்டு முகம்

வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவம். பாடப்புத்தகத்தில் எல்லாருக்கும் பொதுவான நான்கு பெட்டிகள். கரையில் நிற்பவனுக்கு அப்படியல்ல.

தென்மேற்குக் காற்று அரபிக்கடலிலிருந்து வந்து இந்தியாவின் தென்முனையைச் சுற்றுகிறது. ஒரு பக்கம் தென்னிந்திய மலைகள், மறுபக்கம் இலங்கையின் மத்திய மலைநாடு. இரண்டுக்கும் நடுவே மன்னார் வளைகுடா ஓர் ஒழுங்கை மாதிரி இருக்கிறது. ஒழுங்கைக்குள் புகுந்த காற்று வேகம் பிடிக்கிறது. கற்பிட்டி, மன்னார்த் தீவு, பூநகரிக் கரை என்று வரிசையாக அது வந்து அடிக்கிறது. நாச்சிக்குடா இந்த வரிசையில் இருக்கிறது. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். அதில் எழும்பும் அலை குட்டையாக, நெருக்கமாக, சின்ன வள்ளத்துக்குத் தொல்லையாக இருக்கும்.

அதே காற்று மலைநாட்டையும் காட்டையும் கடந்து முல்லைத்தீவுக்குப் போய்ச் சேரும்போது வேறு ஆளாகிவிடுகிறது. மழையை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, காய்ந்து வருகிறது. இதுதான் கச்சான். (வறுத்த கச்சான் நினைவுக்கு வந்தால் வாசகரைக் குறை சொல்ல முடியாது.) நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று என்பதால் கரையோரத்தில் அலை எழும்பாது. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கொக்கிளாய், நாயாறு என்று வாடி போட வருவது இதனால்தான். அந்த இடப்பெயர்வைப் பற்றிய அரசியல் சச்சரவுகள் தனிக் கதை. அதன் அடியில் இருப்பது காற்று.

வாடை வந்தால் எல்லாம் தலைகீழ். முல்லைத்தீவில் வங்காள விரிகுடா நேராகக் கரையில் மோதும். நாச்சிக்குடாவில் காற்று நிலத்திலிருந்து போகும்; கடல் அடங்கும். வாப்பாவுக்கு மார்கழி, மாமாவுக்கு ஆடி. இரண்டு கரைக்குமிடையில் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் ஒரு பக்கம் அடுப்பு அணையும்போது மறுபக்கம் மீன் வரும். சம்பந்தம் பேசியவர்கள் காற்றைப் பார்த்துப் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பலன் அப்படித்தான் இருந்தது.

வாப்பாவிடம் வேகத்தைச் சொல்ல எண் இருக்கவில்லை. "வலை விடலாம்", "பாயைச் சுருக்கு", "வள்ளத்தை ஏத்து" என்று மூன்று படி. இதைப் படிப்பில்லாதவர் பேச்சு என்று நினைத்த காலம் எனக்கும் இருந்தது. பிறகுதான் பிரித்தானியக் கடற்படையின் பிரான்சிஸ் போபோட் 1805இல் வகுத்த அளவுகோலைப் பற்றிப் படித்தேன். அதுவும் தொடக்கத்தில் மைல் கணக்கைக் கொண்டதல்ல. இந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம் என்பதைக் கொண்டது. வாப்பாவும் போபோட்டும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தக் காற்று என் வள்ளத்துக்கு என்ன?

1990

1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களிலிருந்து ஏறக்குறைய 75,000 பேர். அந்த வரலாறு இந்த இதழின் வாசகருக்குப் புதிதல்ல. திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அந்த மாதத்தைப் பற்றி.

ஒக்டோபர் இடைப்பருவம். சோளகம் ஓய்ந்திருக்கும், வாடை நிலைத்திருக்காது. காற்றுக்குத் திசையே இல்லாத நாட்கள். பின்னேரங்களில் இடிமழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலமும் இதுதான். 'ரெண்டு காத்துக்கு நடுவில தூரப் பயணம் போகாத' என்பது கடற்கரையில் பிள்ளைகளுக்கும் தெரிந்த புத்தி. மன்னார்த் தீவின் மக்கள் அந்த நாட்களில்தான் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லாரும். காற்றுத் தெரிந்த மக்கள், காற்றைப் பார்த்துப் புறப்படும் உரிமை இல்லாமல் கடலில் இறங்கிய பயணம் அது. எங்களுக்குக் கடல் வழி இருக்கவில்லை; தரையால் வந்தோம்.

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில் கிடுகுக் குடிசைகளில் இருந்த முதல் வருடங்கள். மே மாதம் வந்ததும் தென்மேற்குக் காற்று கூரையைப் பிடித்துக் குலுக்கும். வாப்பா எழும்பி வெளியே போய் நிற்பார். அதே சோளகம்தான். ஆனால் அவருக்கு அது பிடிபடவில்லை. நாச்சிக்குடாவில் எந்த மரத்தின் பக்கம் மேகம் கறுத்தால் எத்தனை நாழிகையில் காற்று எழும்பும் என்று அவருக்குத் தெரியும். இங்கே அந்த மரம் இல்லை. உள்ளூர் முஸ்லிம்கள் எங்களுக்கு இடம் தந்தார்கள், சோறு தந்தார்கள். காற்றையும் தந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எந்தக் கரையில் எந்த மாதம் வள்ளத்தை எப்படிக் கட்டுவது என்று கற்பிட்டிக் கடல்காரர்கள் வாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐம்பது வயதில் அவர் மறுபடி மாணவராக இருந்தார். மாமா கடைசிவரை பழகவில்லை. காலமெல்லாம் நிலத்திலிருந்து அடிக்கும் காற்றில் தொழில் செய்தவருக்கு, கடலிலிருந்து அடிக்கும் காற்றில் நிற்கவே மனம் வரவில்லை. சந்தையில் வேலைக்குப் போனார்.

கற்பிட்டியின் பட்டங்கள்

பலகையில் பாய் கட்டிச் செல்லும் விண்ட்சேர்ஃபிங் 1960களில் அமெரிக்காவில் உருவானது. 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. காற்றூதிய பட்டத்துக்கு பிரான்ஸைச் சேர்ந்த லெகேனூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை பெற்றார்கள். 1990களின் பிற்பகுதியில் கைட்சேர்ஃபிங் பரவியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கரையில் அதுவும் போட்டியானது.

போர் முடிந்த பிறகு கற்பிட்டி இந்த விளையாட்டுக்குப் பெயர் எடுத்தது. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. டிசெம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை வடகிழக்குக் காற்று. நீளமான ஒடுங்கிய மணல்நிலம், அதன் உட்பக்கம் களப்பு. காற்று தடையின்றி மணலைக் கடந்து வரும். தண்ணீர் மட்டும் தட்டையாக இருக்கும். பழகுபவருக்கு இதைவிட வாய்ப்பான இடம் குறைவு.

இவர்களுக்குத் தேவையான எதிர்வுகூறல் என்ன? முதலாவது வேகம். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். பன்னிரண்டு நொட்டுக்குக் கீழே பட்டம் ஆளை இழுக்காது. முப்பதுக்கு மேலே பழகாதவருக்கு ஆபத்து. காற்றின் விசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. பன்னிரண்டு இருபத்துநான்கானால் இழுவை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. ஆகவே காற்று கூடக்கூடச் சின்னப் பட்டத்துக்கு மாற வேண்டும். பதினாலு என்று நம்பிப் பெரிய பட்டத்தோடு இறங்கியவர் இருபத்திரண்டில் என்ன பாடு படுவார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது திசை. கரைக்குப் பக்கவாட்டில் அடிக்கும் காற்று நல்லது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று கெட்டது. கயிறு அறுந்தால் ஆளைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோய்விடும். மூன்றாவது சீர். காடு, கட்டடம் கடந்து வரும் காற்று விட்டு விட்டு அடிக்கும்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் மாமாவுக்குச் சோறு போட்ட கச்சான் இந்த விளையாட்டுக்கு ஆகாத காற்று. காட்டைக் கடந்து, கடலை நோக்கி, விட்டு விட்டு அடிப்பது. வாப்பாவின் வள்ளத்தைக் கரையேற்றிய சோளகம்தான் பட்டக்காரருக்குப் பொன்னான காற்று. மணிக்கு 45 கிலோமீற்றர் என்று வானொலியில் சொன்னால் மீனவன் வீட்டில் இருப்பான். பட்டக்காரன் ஓட்டமாக ஓடி வருவான். எண் ஒன்று, பொருள் இரண்டு. ஆகவே எதிர்வுகூறலைக் கேட்கும்போது 'என்ன' என்பதோடு 'யாருக்கு' என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கட்டத்துக்குள் அடங்காத கரை

ஃபோனில் வரும் எண் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பெரிய கணினிகளில் பூமி முழுவதையும் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், அமுக்கம் எல்லாவற்றையும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க மாதிரியின் முடிவுகள் பொதுவாகக் கிடைப்பது கால் பாகைக் கட்டத்தில்; ஒரு பக்கம் ஏறக்குறைய 28 கிலோமீற்றர். ஐரோப்பிய மாதிரி சுமார் ஒன்பது கிலோமீற்றர் அளவுக்கு நுணுக்கமானது. விண்ட்குரு, விண்ட்ஃபைண்டர், விண்டி போன்ற சேவைகள் இந்த எண்களை வாங்கி, விளையாடுபவருக்கு ஏற்றமாதிரி நிறம் தீட்டித் தருகின்றன.

கற்பிட்டித் தீபகற்பத்தின் அகலம் சில கிலோமீற்றர்தான். பெரிய கட்டத்துக்குள் கடலும் மணலும் களப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். கணினிக்கு அது பாதி நிலம், பாதி தண்ணீர். கடற்காற்றுப் பிறப்பதோ இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டில். கோடே தெரியாத கணினி கடற்காற்றைக் குறைத்துச் சொல்வதில் வியப்பில்லை. மருமகன் கூட்டிச் சொன்ன ஆறு ஏழு நொட் இதுதான்.

நாச்சிக்குடாவுக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே அந்தப் பெரிய கட்டங்களில் சிலதான் இருக்கின்றன. இரண்டு கரை, இரண்டு பெயர், இரண்டு வாழ்க்கை. அங்கே அடுத்தடுத்த சதுரங்கள். கடலின் மேல் காற்றை அளக்கும் செய்மதிகள் தண்ணீரின் சிற்றலையை ரேடாரால் பார்த்து வேகத்தைச் சொல்கின்றன. கரைக்குக் கிட்ட வரும்போது நிலத்தின் எதிரொலி கலந்துவிடுவதால் அந்த அளவை நம்ப முடிவதில்லை. சின்ன வள்ளக்காரர்கள் தொழில் செய்வதும், பட்டக்காரர்கள் விளையாடுவதும் செய்மதிக்குக் கண் தெரியாத அந்தப் பட்டியில்தான்.

இதனால் கணினியைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வடஇலங்கையைக் கடந்தே போனது. அன்று கரையில் இருந்தவர்களிடம் மேகமும் அனுபவமும் மட்டுமே இருந்தன, போதவில்லை. 2020 டிசெம்பரில் புரெவி திருகோணமலைக் கரையை நெருங்கியபோது முல்லைத்தீவு மக்களுக்கும் நாட்கணக்கில் முன்னறிவிப்பு இருந்தது. பெரிய காற்றைச் சொல்வதில் கணினியை மிஞ்ச எந்த மாலுமியாலும் முடியாது. சின்னக் காற்றைச் சொல்வதில்தான் ஊர்க்காரன் தேவைப்படுகிறான். உயிர் போவது பெரிய காற்றில் மட்டுமல்ல.

காற்றுக்கு இப்போது விலையும் வந்துவிட்டது. மன்னார்த் தீவில் 2020 டிசெம்பரில் தொடங்கிய 'தம்பபவனி'யில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாட் திட்டம் ஒன்றை முன்வைத்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. இனியும் ஆட்கள் வருவார்கள். வாப்பாவை வீட்டில் இருத்திய காற்றை அளக்கக் கம்பங்கள் நடப்படுகின்றன. அளப்பவர்கள் அந்தக் கரையில் பிறந்தவர்களைக் கேட்பார்களா என்பது வேறு விஷயம். கேட்டால் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது என்பதே என் கவலை.

எழுதிவைக்க வேண்டியது

2009க்குப் பிறகு நீராவிப்பிட்டிக்கும் ஹிஜ்ராபுரத்துக்கும் நாச்சிக்குடாவுக்கும் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். காணிப் பத்திரம் தொலைந்தவர்களுக்குச் சாட்சி சொல்ல யாராவது கிடைத்தார்கள். காற்றுக்குப் பத்திரமும் இல்லை, சாட்சியும் குறைந்துகொண்டு போகிறது. 1990இல் முப்பது வயதில் சுக்கான் பிடித்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் காற்றில்லாத வேலைகளில் இருக்கிறார்கள்.

நான் வாப்பாவிடம் கேட்டு எழுதியது ஒரு கொப்பியில் பதினொரு பக்கம். மாதம், காற்றின் பெயர், அது எழும்பும் நேரம், அடையாளம், அன்று என்ன செய்யலாம் என்று ஐந்து நிரல். கார்த்திகைக்கு மேலே எழுத முன்னர் அவர் மௌத்தாகிவிட்டார். கொண்டலைப் பற்றி அவர் சொன்னது ஒரே வரி. மாமாவிடம் நான் கேட்கவே இல்லை. சந்தையில் வேலை செய்கிற மனிதரிடம் கடலைப் பற்றிக் கேட்பது அவரை நோகடிக்கும் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் அதுதான் பெரிய தவறு. கச்சானைப் பற்றி எங்கள் வீட்டில் இனிச் சொல்ல ஆளில்லை.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் வீட்டில் கடல் தொழில் செய்த வாப்பாவோ, அப்பாவோ, பெரியவாப்பாவோ இருந்தால் அந்த ஐந்து நிரலையும் கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ஊர் இல்லாத காற்றுக்குப் பயனில்லை.

கற்பிட்டியிலிருந்து திரும்பும் முன் அந்தக் கொப்பியை மருமகனிடம் காட்டினேன். ஆடி மாதப் பக்கத்தை வாசித்துவிட்டு, "இது நாச்சிக்குடாவுக்குத்தானே மாமா, இங்க சரிவராது" என்றான். சரிதான். பிறகு தன் ஃபோனில் நாச்சிக்குடாவைத் தேடி, அன்றைய எண்ணைப் பார்த்தான். பதினாறு என்று காட்டியது. கொப்பியைத் திரும்பப் பார்த்தான்.

"அப்பா இதுக்கு என்ன சொல்லியிருக்கிறார்?"

"வள்ளத்தை ஏத்து."

"அப்ப பதினாறு பிழை" என்றான். "இருபத்தைந்தாவது இருக்கும்."

அடுத்த சோளகத்துக்கு இரண்டு பேரும் நாச்சிக்குடா போய், கையில் பிடிக்கும் காற்றுமானியால் அளந்து பார்ப்பதாக இருக்கிறோம். இன்ஷா அல்லாஹ்.